கருமுள் கோலின் சத்தம்

மந்திரக்கோல் வந்து இருபத்தாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஹெட்டி செய்யாத இரண்டு சத்தங்கள் பதிவாகியிருந்தன.

"நீ உடைச்சது ஆறு. இங்க எட்டு இருக்கு," என்றான் க்ளைவ், ஒலிப்பதிவு மேசையில் காலை நீட்டியபடி. "மைக் ஸ்டாண்டு முனகியிருக்கும். வயசாகுதுல்ல, உன்னை மாதிரியே."

"உன் இடுப்பு முறிஞ்ச சத்தமா இருக்கும்யா. எழுந்து நடந்தாத்தானே."

சொல்லிவிட்டாளே தவிர, ஹெட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டையும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். அவள் உடைத்த ஆறும் பளிச்சென்று முறிந்து முடிந்தன. இவை இரண்டும் முறிந்த பிறகும் கொஞ்ச நேரம் எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

படங்களுக்குச் சத்தம் செய்வது அவள் வேலை. திரையில் ஒருவர் நடந்தால் இவள் மணலில் நடப்பாள். இப்போது செய்வது ஏழு வருடங்களாக வரும் ஒரு தொடர். அதில் அரசி ஹெல்வெனின் கைகள் எழுப்பும் சத்தமெல்லாம் ஹெட்டியின் கைகள் செய்தவை. அரசி கருமுள் மரக்கோலை யாரை நோக்கி நீட்டுகிறாளோ அவருடைய எலும்புகள் ஒவ்வொன்றாக முறியும். அந்த எலும்புகள் உண்மையில் செலரி என்ற காய்கறியின் தண்டுகள். ஐஸ் வாளியில் ஊறப்போட்டு, ஈரத் தோல்துணியில் சுற்றி, மைக்குக்குப் பக்கத்தில் உடைக்க வேண்டும்.

இத்தனை நாளும் கோலுக்குப் பதில் ஒரு துடைப்பக்கட்டைத் துண்டு போதுமானதாக இருந்தது. இது கடைசிப் பகுதி என்பதால், நடிகை பிடித்த கோலையே அனுப்பியிருந்தார்கள். கறுப்பு. முட்களைச் சீவிய இடத்தில் சின்னச் சின்ன முண்டுகள். பெட்டியிலிருந்து எடுத்தபோது, யாரோ இப்போதுதான் கீழே வைத்ததைப் போல அதில் சூடு இருந்தது.

கொஞ்ச நேரத்தில், க்ளைவ் அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு இயக்குநர் ரோஸலிண்ட் போனில் கூப்பிட்டாள்.

"அந்த ரெண்டு சத்தம்தான் நிஜம், ஹெட்டி. மத்த ஆறும் காய்கறி."

"அது நான் செஞ்சதில்லை, ரோஸ்."

"யார் செஞ்சா என்ன? காட்சி முழுக்க எனக்கு அதுதான் வேணும். இன்னிக்குள்ள வரலைன்னா கம்ப்யூட்டர்ல செஞ்சுக்கறோம். அதுக்குக் கையே வேண்டாமாம்."

ஏழு வருடம். அரசி சாகும் பகுதியில் அவளுக்கு வேறு கைகள் என்பதை ஹெட்டியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நேத்து அந்த ரெண்டும் வந்தப்ப கோல் உன் கையில இருந்துச்சு," என்றான் க்ளைவ். "இன்னிக்கும் அதை வச்சே நெம்பிப் பாரேன். பயமா இருக்கா, அம்மணி?"

"உன் மூஞ்சியையே இருபது வருஷமா பாத்துட்டேன். இதுக்கா பயப்படுவேன்?"

நவம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடம் இருந்த பழைய தேவாலயக் கட்டடத்தின் தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத்தோல், மணல், பழைய செருப்புகள் எல்லாம் கலந்த வாடை வீசும் ஜன்னலில்லாத கூடத்துக்குள் போய், விளக்கை அணைத்து, ஹெட்ஃபோனை மாட்டியதும் மழை அறுந்துபோனது. தன் எச்சில் விழுங்கும் சத்தம்கூட அவளுக்கு மலை உருள்வதைப் போலக் கேட்டது. எங்கோ கனமான கதவொன்று மூடிய அதிர்வு தரைப்பலகை வழியாகக் காலில் ஏறியது. க்ளைவ் அவன் அறைக்குப் போய்விட்டான் என்று நினைத்தாள். பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் அறைக் கண்ணாடியில் திரையின் பிம்பம்தான் தெரிந்தது, அவன் தெரியவில்லை.

திரையில் பாதாளச் சிறை. துரோகியின் இடது கையை மேசையில் பரப்பிக் கட்டியிருந்தார்கள். அரசி கோலை உயர்த்தினாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றது காதில் குரல்.

ஹெட்டி இடது கையை ஐஸ் வாளிக்குள் விட்டுத் துழாவினாள். விரல்கள் மரத்துப்போகும்வரை துழாவினாள். சில்லென்று, விறைப்பாக ஏதோ அகப்பட்டது. தோல்துணியைச் சுற்றினாள். கோலை அடியில் கொடுத்தாள். கையைப் பார்க்கக் கூடாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும். அரசியின் மணிக்கட்டு திரும்பிய அதே நொடியில் நெம்பினாள்.

முதலில் வழுக்கலாக ஏதோ விலகியது. பிறகு முறிந்தது. அதற்குப் பிறகும் நார்கள் ஒவ்வொன்றாக அறுந்தன.

"இதுதான்," என்றது குரல்.

அதேதான். ஹெட்டியின் முதுகு சிலிர்த்தது. கைகளே வேண்டாமா? கேளுங்கள் இதை.

இரண்டாவது. இன்னும் ஈரமாக. துரோகியின் வாய் திறந்தது. இன்னும் சத்தம் சேர்க்காத படம்தான், ஆனால் காதுக்குள் யாரோ முனகினார்கள்.

"க்ளைவ், யாருய்யா முனகினது?"

"நீதான்."

வாளித் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. ஐஸ் தண்ணீர். சூடாக இருந்தது.

"கொஞ்சம் நிறுத்தலாம்."

"இன்னும் மூணு இருக்கு."

மூன்றாவது. முறிந்த முனை தோல்துணியைக் கிழித்துக்கொண்டு வந்தது. கூடத்தில் புது வாடை. பழைய இரும்புப் பூட்டைக் கையில் தேய்த்தால் வருமே, அது.

"யோவ், ஏதாவது கிண்டல் பண்ணேன். ஏன் இப்படிப் பேசற?"

காதில் மூச்சு மட்டும். மைக்குக்கு மிகப் பக்கத்தில். அவளுடைய மூச்சு அல்ல.

நான்காவது. அவள் நெம்பவில்லை. வலது கை நெம்பியது. அரசியின் மணிக்கட்டு அதற்குப் பிறகுதான் திரும்பியது. அரை நொடி தாமதமாக. இதுவரை இவள்தான் அரசியைத் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

கோலை விட நினைத்தாள். விரல்கள் விரியவில்லை. முண்டுகள் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன.

"கட்டை விரல்," என்றது குரல்.

"வேண்டாம்."

கட்டை விரல் சுலபமல்ல. முதல் நெம்பலில் பிசகியது. இரண்டாவதில் விரிசல் விட்டது. மூன்றாவதில், கோழித் தொடையைத் திருகிப் பிய்ப்பதைப் போல, கழன்று வந்தது.

துரோகியின் தலை தொங்கியது. அரசி திரைக்குள்ளிருந்து நேராகப் பார்த்தாள். கேமராவை அல்ல. ஹெட்டியை.

"அருமை. அடுத்த கை."

அப்போது பின்னால் கதவு திறந்தது. வெளிச்சத்தின் ஒரு கீற்று மணல்மீது விழுந்தது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட க்ளைவ் நின்றான். கையில் கடைப்பை. பைக்கு மேலே பச்சை இலைகள்.

கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்ற ஹெட்டி இடது கையைத் தூக்கினாள். கை வந்தது. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. நனைந்த கையுறையைப் போல அவள் கன்னத்தில் பட்டு, வழுக்கி, மடங்கித் தொங்கின. நான்கு. ஐந்தாவது தோல்துணியோடு கீழே கிடந்தது. அது கண்ணில் பட்ட பிறகுதான் வலி தோளிலிருந்து கிளம்பியது. அதற்குள் வலது கை, கோலோடு, தானாகத் தன்னை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

இருட்டுக்குப் பழகாத கண்களைச் சுருக்கிக்கொண்டு க்ளைவ் பையை உயர்த்திக் காட்டினான்.

"மூணு கடை ஏறி இறங்கினேன், அம்மணி. நம்மகிட்ட இருந்த செலரி நேத்தே தீர்ந்துபோச்சு. நீ ஹெட்ஃபோனை மாட்டிட்டியா, சொல்லாமலே கிளம்பிட்டேன். வாளியில வெறும் ஐஸ்தான் இருந்துச்சு."