அவள் பெயரில் ஓர் இருமல்

"அந்தக் கதவுகிட்ட போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது சிட்டு! வா இந்தப் பக்கம்!"

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் குரல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பின்னறையின் வாசலில் குறுக்கே ஒரு நாற்காலி. அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நாலு வயதுச் சிட்டு. நாற்காலியின் மேல், அவளுக்கென்றே ஒதுக்கிய தட்டில் காலைச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"அம்மா... தலை பின்னி விடும்மா. பாட்டி பின்னினா வலிக்குது..."

சீப்பை நீட்டிய குழந்தையின் கை எட்டவில்லை. அவளும் எட்டி வாங்கத் துணியவில்லை. அதற்குள் மாமியார் வந்து குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, உனக்கு வந்தது போதாதா? இந்தப் பிஞ்சுக்கும் ஒட்ட வெக்கணுமா? பெத்தவதானே நீ! உனக்கே தெரிய வேணாமா...?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு ஒரு நோயும் இல்லை. பேருக்குக்கூட ஒரு இருமல் இல்லை. இந்த வீட்டில் காசநோய் இருந்தது அவள் கணவனுக்கு. அவனோ நெஞ்சுநோய் டாக்டர்! ஊரார் நுரையீரலையெல்லாம் படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "இதோ, இங்கதான் இருக்கு" என்று விரல் வைத்துச் சொல்கிறவன். அந்த மகன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருமுகிற இருமலுக்கு அவனைப் பெற்றவள் வைத்திருந்த பெயர், தூசி. பெண்டாட்டிக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற கவலையில் பிள்ளை இளைத்துப்போகிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி வேறு மாய்ந்துபோனாள்.

கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் கைகழுவும் தொட்டியில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "கதவைச் சாத்து" என்று அவளிடம் சொன்னான் அவன். அவ்வளவு பெரிய டாக்டருக்கு அன்று முகத்தில் ஈயாடவில்லை.

"இது வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான். நெஞ்சு டாக்டருக்கே நெஞ்சுல வியாதின்னா எவன் என்கிட்ட வருவான்? தலைமை டாக்டர் பதவி இந்த வருஷம் எனக்குத்தான்னு பேச்சு அடிபடுது... சளியை உன் பேர்ல குடுத்துடறேன். மருந்து உன் பேர்ல வரும், நான் சாப்பிட்டுக்கறேன். ஒழுங்கா மருந்து உள்ள போனா கொஞ்ச நாள்ல யாருக்கும் ஒட்டாது. உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா...?"

தாய் தகப்பன் இல்லாத பெண்ணை, ஒரு கேள்வி கேட்காமல் கைப்பிடித்தவன். அவன் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. சரி என்றுவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு விலையாகப் போனவை கொஞ்சமா? மழலையர் பள்ளியில் டீச்சர் வேலை போனது. அடுத்த வீட்டுக்காரி படியேறுவது நின்றது. கர்ப்பம் கலைந்து கிடந்தபோது ராப்பகலாக மடியில் போட்டுப் பார்த்துக்கொண்ட மாமியார், அவள் தொட்ட துணியைக் குச்சியால் எடுக்கத் தொடங்கினாள். மாமியாரையும் குறை சொல்ல முடியாது. கூடப் பிறந்த தங்கை இதே நோயில் மூச்சுத் திணறிச் செத்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவள் அவள்.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. அம்மாவிடமிருந்து பிரித்த குழந்தை தனியாகப் படுக்க மாட்டேன் என்று அழ, மாமியார் அதைக் கொண்டுபோய் அப்பாவின் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டாள். ஏசி ஓடும் அறை. சன்னல்கள் சாத்தியே கிடக்கும்.

"வேண்டாம் அத்தை! குழந்தை உங்ககூடப் படுக்கட்டும்... உங்க கால்ல விழறேன்..." என்று அவள் துடித்தாள்.

"எனக்கு ராத்திரியெல்லாம் கால் குடைச்சல். அப்பன்கூடப் படுத்தா உனக்கென்ன? உன் மூச்சு படாம இருந்தாச் சரி!"

அவனிடம் அழுது பார்த்தாள். "நான்தான் மருந்து சாப்பிடறேன்ல? வேண்டாம்னு சொன்னா அம்மா ஏன்னு கேப்பாங்க. டாக்டர் நீயா, நானா?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டான்.

இன்று காலை, பாட்டியின் தோளில் அழுதபடி திரும்பிய குழந்தையின் கழுத்தில் அவள் அதைப் பார்த்தாள். காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு.

"என்னங்க! இங்க வாங்க! குழந்தை கழுத்தைப் பாருங்க!"

அவன் வந்தான். தொட்டுப் பார்த்தான். ஆயிரம் கழுத்துகளைத் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

"நெறி கட்டியிருக்கு... பல்லு கில்லு சொத்தையா இருக்கும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

வாசலில் அழைப்பு மணி அடித்தது. வந்தது மருந்து சிஸ்டர். அரசாங்கக் காசநோய் மையத்திலிருந்து வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிறவள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் கலவரம் இருந்தது.

"சார், மேடம் சளியில திரும்பவும் கிருமி இருக்கு. முக்கியமான மாத்திரைக்கு அது கட்டுப்படலை. பெரிய டாக்டரம்மா வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. உங்களையும்தான் சார்."

ஒரு நோயாளி என்றால் வீட்டில் அத்தனை பேரையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே அவன். மறுக்க வழியில்லாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

அந்த மையமும் அவனும் சேர்ந்துதான் வருஷக்கணக்காக இந்த நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் நோயாளியைக் கண்டுபிடித்து அனுப்புவான். லேப்காரர் சளியைப் பார்த்துச் சொல்வார். பெரிய டாக்டரம்மா மருந்தை முடிவு செய்வாள். சிஸ்டர் தன் கண்ணெதிரே அதை விழுங்க வைப்பாள். ஒருவர் சொல்லை ஒருவர் நம்பித்தான் வேலை நடந்தது. அந்த நம்பிக்கைதான் இங்கே குழி பறித்தது. "எக்ஸ்ரே நானே பாத்துட்டேன்" என்று அவன் சொன்னபோது யாரும் படத்தைக் கேட்கவில்லை. சளியை வீட்டிலிருந்து கொண்டுவந்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "மாத்திரையை நானே குடுத்துக்கறேன், நீங்க எதுக்கு அலையணும்?" என்றபோது சிஸ்டரும் சரி சார் என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள். டாக்டர் வீட்டில் போய்ச் சட்டம் பேச யாருக்கு மனம் வரும்?

மையத்தின் அறையில் சன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. அவளை எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த எக்ஸ்ரேக்காரர் படத்தை மேசைமேல் வைத்தார். பெரிய டாக்டரம்மா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"படம் மாறிடுச்சா?"

"இல்லை மேடம். இப்பதான் எடுத்தது, இவங்களோடதுதான்."

"நெஞ்சு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. சளியில மட்டும் எப்படி இவ்வளவு கிருமி?" என்று லேப்காரர் பக்கம் திரும்பினாள்.

"நானும் நம்பாம ரெண்டாவது தடவை போட்டுப் பாத்துட்டேன் மேடம். அதேதான் வருது."

பெரிய டாக்டரம்மா குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரும்மா. குழந்தைக்கும் வந்திருக்குன்னுதான் தோணுது. கட்டியில ஊசி போட்டுப் பாக்கலாம். ஆனா சின்னப் பசங்களுக்குக் கிருமி சிக்கறது கஷ்டம். யார்கிட்டேர்ந்து வந்ததோ, அவங்க கிருமிக்கு எது கேக்குதோ அந்த மருந்தைத்தான் குடுக்கணும். குழந்தை உன்கூடவா இருக்கா?"

"ஐயோ, இவ பக்கத்துலயே நாங்க விடலை டாக்டரம்மா!" மாமியார் முந்திக்கொண்டாள். "இவளுக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கே பிரிச்சுட்டேன். அவ அப்பன்கூடத்தான் தூங்கறா. பத்திரமா!"

"அப்போ இது அம்மாகிட்டேர்ந்து வந்ததா இருக்காது. வெளிய எங்கயோ ஒட்டியிருக்கணும். சாதாரண மருந்தே குடுத்துப் பாக்கலாம்..." என்று எழுதத் தொடங்கினாள் பெரிய டாக்டரம்மா.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். அதே கெஞ்சல், கோடையில் பார்த்த அதே முகம். இப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. தவறான மருந்து தன் குழந்தைக்குள் போகப்போகிறது என்று அந்த அறையில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அந்தக் கணத்தில் அவளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"எழுதாதீங்க டாக்டரம்மா!"

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அந்தச் சளி என்னோடது இல்லை. ஒரு தடவைகூட என்னோடது இல்லை. மாத்திரையில ஒண்ணுகூட என் வாய்க்குள்ள போகலை... எல்லாம் இவரோடது!"

"என்ன பேசறே நீ? வியாதியில புத்தி பேதலிச்சுப் போச்சு இவளுக்கு..." என்று எழுந்தான் அவன்.

"அப்படின்னா ஒரு படம் எடுத்துட்டு வந்துடுங்க டாக்டர்" என்றாள் பெரிய டாக்டரம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "அது போதும், வேற ஒண்ணும் வேணாம்."

எக்ஸ்ரேக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க சார்" என்றார். அவன் கதவுவரை போய்த் திரும்பினான். பிறகு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"எடுக்க வேணாம். இடது பக்கம் மேல... ஓட்டையே விழுந்திருக்கு. எனக்குத் தெரியும்."

"மாத்திரை சாப்பிட்டீங்களா சார்?" சிஸ்டர் கேட்டாள்.

"சாப்பிட்டேன்... குமட்டுச்சு. நோயாளிங்க நிறைய வர்ற நாள்ல விட்டுட்டேன். கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சா, நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டேன்..."

"இதையே சொன்ன எத்தனை பேரை என் முன்னாடி திட்டியிருப்பீங்க!" சிஸ்டர் அழுதேவிட்டாள். "உங்க முகத்துக்காக நான் விட்டுட்டேனே சார்... உங்க பேஷண்ட்டா இருந்தா விட்டிருப்பேனா?"

பெரிய டாக்டரம்மா எழுதியதைக் கிழித்தாள். குழந்தைக்கு வேறு மருந்து, அவனுக்கு உடனே வார்டில் அட்மிஷன், மருத்துவமனையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

மாமியார் மட்டும் அசையவில்லை. யாரோ அடித்துப்போட்டதுபோல் சுவரோடு ஒட்டி நின்றாள். அப்புறம்தான் அந்த ஓலம் வந்தது.

"நானே தூக்கிக் குடுத்தேனே... ஐயோ, என் கையாலயே கொண்டுபோய்ப் படுக்க வெச்சேனே! இவ கால்ல விழறேன்னு கதறினாளே... கேட்டேனா? பாவி நான் கேட்டேனா?"

சரிந்து விழப்போனவளை மருமகள்தான் ஓடிவந்து தாங்கினாள். இத்தனை மாதம் நிழல்கூடப் படக்கூடாதென்று ஒதுங்கிய உடம்பு அவள் தோளில் கிடந்து குலுங்கியது.

"என்னை நாலு வார்த்தை திட்டிடும்மா... அடிச்சுக்கூடப் போட்டுடு..."

"எதுக்கு அத்தை? உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிட்டு இருந்தவ நான்..." அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. இரண்டு பேரும் இருக்கிற இடம் என்றும் பாராமல் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அவளுக்கும் சிட்டுக்கும் மழைக்காலம் முழுக்க வார்டிலேயே போயிற்று. சிட்டுக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. கட்டி உடைந்து சீழ் வடிந்தது. பிழைத்துவிடுவாள் என்று பெரிய டாக்டரம்மா சொன்னாள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லவில்லை. கட்டிடத்தின் மறு கோடியில், ஆண்கள் வார்டில் அவன். தலைமை டாக்டர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. அவனைப் பார்க்க யாரும் வருவதில்லை.

ஒரு காலையில் அவளும் மாமியாரும் அங்கே போனார்கள். சிஸ்டர் ஒரு கை நிறைய மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வெச்சுட்டுப் போங்க சிஸ்டர். அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி.

"முடியாது சார்."

அவன் திரும்பினான். வாசலில் நின்ற மனைவியைப் பார்த்ததும் உதடு கோணியது. "என்னை... மன்னிக்கவே மாட்டியா?"

"அதை இப்போ என்கிட்ட கேக்காதீங்க." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "உங்க பொண்ணு இன்னிக்குக் காலையில மாத்திரையை வாந்தி எடுத்தா. வாயைக் கழுவிவிட்டேன். திரும்பக் குடுத்தேன். அழுதுக்கிட்டே வாயைத் திறந்தா. நாலு வயசு அவளுக்கு. நீங்களும் திறங்க."

அவன் மாத்திரைகளைக் கையில் வாங்கினான். ஒவ்வொன்றாக விழுங்கினான். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கடைசி மாத்திரை இறங்கும்வரை அவள் நகராமல் நின்று பார்த்தாள். அப்புறம் திரும்பி நடந்தாள்.

"அம்மா... நீங்களாவது கொஞ்சம் உக்காருங்கம்மா..." என்று அவன் அழைத்தான்.

மாமியார் மகனைப் பார்த்தாள். பெற்ற வயிறு, பற்றி எரியாமல் இருக்குமா?

"நாளைக்கு இதே நேரத்துக்கு வரேன். நீ முழுங்கறதைப் பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருமகளை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள். "இரும்மா... நானும் வரேன். சிட்டு முழிச்சிருப்பா."