பொறியானை நடந்த தடம்

காலை ஆறு மணிக்கு யானையின் முழங்காலுக்கு எண்ணெய் விட்டு, காதுக்குப் பின்னாலிருந்த பொத்தானை அழுத்தினார் காவலர் செவணன். யானை கிளம்பியது. காரைப்பள்ளம் வலசைத்தடத்தில் பதினோரு வருடங்களாக இப்படித்தான் பொழுது விடிகிறது.

அது பொறியானை. வடக்குக் காப்பகத்துக்கும் தெற்குக் காப்பகத்துக்கும் நடுவே, அடுக்குமாடிகள் நெருக்கிய ஆறு கிலோமீட்டர் பச்சைப் பட்டை அந்தத் தடம். மூன்று வருடம் யானை நடக்காவிட்டால் அதை மனைகளாகப் பிரித்து விற்கலாம் என்றது சட்டம். மண்ணுக்கடியில் புதைத்த தடவுணரிகள் எடையையும் காலடியையும்தான் எண்ணும். உயிர் இருக்கிறதா என்று கேட்காது. நிஜ யானை ஒன்றாவது வரும்வரை தடத்தைக் காப்பாற்றி வைக்க, வனச்சரகர் இளவேனில் கண்டுபிடித்த குறுக்கு வழி இது. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்கு நம்மிடம் என்றைக்குப் பஞ்சம்?

"மேடம், ஓடியாங்க!" ஒரு சனிக்கிழமை கண்காணிப்புத் திரையைப் பார்த்துக் கத்தினார் செவணன். "பின்னால ஒண்ணு வருதுங்க. நம்மளுது இல்லீங்க!"

எலும்பு துருத்திய பெண் யானை. வடக்கே குட்டைகளெல்லாம் வற்றிய வருடம். பொறியானை எழுப்பும் தாழ்குரலைக் கேட்டு, துணை கிடைத்துவிட்டதென்று அதன் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். இளவேனிலுக்கு அழுகை வந்துவிட்டது. தெற்கு எல்லையைத் தாண்டி அரைக் கிலோமீட்டரில் ஆறு.

எல்லைக்கு வந்ததும் பொறியானை வழக்கம்போலத் திரும்பியது. அதற்கு மின்னேற்றம் வடக்கில். அவளும் திரும்பினாள்.

"அய்யோ, இன்னுங் கொஞ்சம் போ தாயி!" என்றார் செவணன்.

பொறியானையின் பாதையை மாற்ற உயர்மட்டக் குழுவின் ஒப்புதல் வேண்டும். "புதன்கிழமை கூட்டத்துல வைக்கிறோம்" என்றது தலைமையகம். தண்ணீர் கொண்டுபோகலாமென்றால், தடத்துக்குள் மனிதர் கால்வைத்ததும் காவல்பொறிகள் மயக்க ஊசி எய்யும்; அவற்றை அணைக்கவும் அதே குழுவின் அனுமதி வேண்டும். அவ்வளவு பத்திரமான பாதுகாப்பு. மறுநாளும் அவள் போய்த் திரும்பினாள். மூன்றாம் நாள், அவளாவது தனியாகப் போகட்டுமென்று பொறியானையை எல்லையருகே நிறுத்திப் பார்த்தார்கள். செத்துவிட்டதென்று நினைத்தாளோ என்னவோ, இலையும் மண்ணும் அள்ளி அதன்மேல் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

"இரும்பு தாயி அது, வெறும் இரும்பு" என்று திரையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார் செவணன்.

புதன்கிழமை கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. வியாழக்கிழமை அவள் விழுந்தாள்.

இரங்கல் விழாவுக்கு அனுமதி ஒரே நாளில் வந்தது. காவல்பொறிகளை அணைத்தார்கள். அவள் விழுந்த இடத்தில், தடத்தின் முழு அகலத்துக்கும் பளிங்கு மணிமண்டபம் எழும்பியது. சுற்றிலும் மதில், நடுவே அவள் சிலை, வாசலில் 'யானைகளுக்கு வழிவிடுவோம்' என்ற பலகை. பொறியானை துதிக்கையால் சிலைக்கு மாலை போட்டது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் வடக்கிலிருந்து ஐந்து யானைகள் வந்தன. ஒன்று குட்டி. ஆற்று வாசனை பிடித்து மதிலை முட்டின.

"சிலைக்கு ஒரு கீறல் விழக்கூடாது. உடனே விரட்டுங்க" என்றது தலைமையகம்.

இளவேனில் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

"மேடம், இதுக வரோணும்னுதானுங்களே பதினோரு வருசம் காத்திருந்தோம்?"

"கொளுத்துங்க செவணன்" என்றார் இளவேனில், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இருபத்தோராம் நூற்றாண்டு தொடங்கிக் கழிந்த நூற்றைம்பது வருடங்களில் மனிதர்கள் என்னென்னவோ கண்டுபிடித்திருந்தார்கள். யானையை விரட்ட மட்டும் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. பெட்டியில் இருந்தது பட்டாசுதான்.