ஆளுயரத்தில் ஈரம்

அந்தச் சுவர் எதனால் நனைகிறது என்பது ஆய்வாளருக்குப் பிடிபடவேயில்லை. வாடகை வீடுகளைச் சோதித்து, குடியிருக்கத் தகுந்தவையா என்று நகர மன்றத்துக்குச் சொல்வது அவள் வேலை; ஈரத்தின் குணமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தரையிலிருந்து ஏறுவது முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும், கூரையிலிருந்து இறங்குவது வழிந்த தடத்தை விட்டுப்போகும், குழாய்க் கசிவு சொட்டாமல் இருக்காது. இதுவோ கூடத்தின் கடைசிச் சுவரில், மேலும் கீழும் காய்ந்துகிடக்க, ஆளுயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள். தொட்டால் வெதுவெதுப்பு. முகர்ந்தால், நெடுநாள் உதறாத போர்வையின் வாடை.

"தேறாதுன்னு எழுதிடாதீங்க மேடம்," என்றாள் குடியிருப்பவள், இருமும் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு. "எழுதினா இன்னிக்கே வீட்டைப் பூட்டிடுவாங்க. இந்த ஊர்ல வேற வீடு ஏது? தெருவுலதான் நிக்கணும்."

"காரணம் தெரிஞ்சு, சரிபண்ண முடிஞ்சா எழுத மாட்டேன்மா. வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"குழந்தை மூத்திரமாம். ஆளுயரத்துக்கா பீய்ச்சும்?"

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பின்னறை இருந்தது. ஜன்னல் இல்லாத அறையை வாடகைக்கு விடக்கூடாது என்பது விதி. மூன்று மழைக்காலத்துக்கு முன் அதை மூடச் சொன்னவளே அவள்தான். ஜன்னல் உடைப்பதைவிட வாசலை அடைப்பது மலிவு. வீட்டுக்காரர் செங்கல் வைத்து அடைத்தார். அவள் இந்தப்பக்கம் நின்று பூச்சைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"உள்ள ஒரு தையல்காரர் இருந்தாரே. அவரும் பொண்டாட்டியும். எங்க போனாங்க?"

"அவங்க போனதை யாருமே பாக்கலையாம் மேடம். பாவம், அந்தம்மா நிறைமாசம் வேற."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஓடுகளின்மேல் சடசடப்பு, ஓடையில் தண்ணீர், குழந்தையின் இருமல். எல்லாம் ஒரு நொடி ஓய்ந்தன. ஆய்வாளர் டார்ச்சைச் சுவரில் அடித்தாள். வட்டங்கள் விரிந்தன. சுருங்கின. விரிந்தன.

குளிர்ந்த கண்ணாடியில் ஊதினால் படியும் ஆவி. அவளுக்குத் தெரிந்ததுதான். மூடிய இடம். வெதுவெதுப்பான காற்று. போக வழியில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள். சின்ன இருமல்.

"இதுவரைக்கும் ரெண்டுதான் மேடம் இருந்துச்சு," குடியிருப்பவள் கீழே கைகாட்டினாள்.

இடுப்புயரத்துக்கும் கீழே மூன்றாவது வட்டம். உள்ளங்கை அகலம். விரிந்தது. சுருங்கியது. மற்ற இரண்டையும்விட வேகமாக.

ஆய்வாளர் டார்ச்சை அணைத்தாள்.

"சுவர்ல கோளாறு இல்லம்மா. உள்ள இருக்கிறவங்க விடுற மூச்சு. அந்தப்பக்கம் ஒரு ஜன்னல் வெச்சா காஞ்சிடும்."