பத்தாம் அடுக்கு

காலையில் டீ இயந்திரம், வரிசையில் முன்னால் நின்ற குழாய்த் தொழிலாளியிடம் இரண்டு நாணயம் கேட்டது. அடுத்து நின்ற மரகதத்திடம் முந்நூறு கேட்டது. ஒரே டீதான், ஒரே குவளைதான். சர்க்கரைகூட இருவருக்கும் கம்மிதான். மரகதம் வழக்கம்போல ஆவியின் வாசனையை மட்டும் இழுத்து முகர்ந்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். வாசனைக்கு இன்னும் யாரும் விலை வைக்கவில்லை.

டைட்டனில் இதெல்லாம் யாருக்கும் ஆச்சரியமில்லை. சனிக் கிரகத்தின் அந்தத் துணைக்கோளில் மனிதர்கள் குடியேறிய புதிதில், ஆளாளுக்கு வருமானத்தை மறைத்தார்கள். வரி கேட்டால் கடனைக் காட்டினார்கள். நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. காகிதத்தை ஏமாற்றலாம், ஊரை ஏமாற்ற முடியாது. எனவே எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் ஒரு நினைவுச்சில்லு பதிக்கப்பட்டது. மதிப்பி என்ற இயந்திரம் அந்தச் சில்லுகளை ஓயாமல் படித்துக்கொண்டிருந்தது. இன்னாரிடம் எவ்வளவு இருக்கும் என்று மற்றவர்கள் மனதில் நினைக்கிறார்களோ, அதன் சராசரிதான் அவருடைய சொத்து. அதை வைத்து ஒன்று முதல் ஒன்பது வரை அடுக்குகள். யாரும் நினைத்தே பார்க்காத ஆள் ஒன்றாம் அடுக்கு. மூச்சுக்காற்றும் பாசிக் களியும் மட்டும் அனைவருக்கும் இலவசம். மற்ற எல்லாவற்றுக்கும் அடுக்குக்கு ஏற்ற விலை.

மரகதம் ஒன்பதாம் அடுக்கு. அதற்குக் காரணம் பாதரசப் பாண்டியன்.

கதவிடுக்கில் உருகி நுழைந்து மறுபக்கம் மீசையோடு எழுந்து நிற்கும் பாண்டியனைத் தெரியாத குழந்தை சூரிய மண்டலத்தில் இல்லை. இயந்திரங்கள் வரையும் படக்கதைகளில் உயிரில்லை என்று ரசிகர்கள் ஒதுக்கிவிட்டதால், மனிதக் கை வரைந்த பாண்டியனுக்குத் தனி மவுசு. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 'மரகதம்' என்ற கையெழுத்து இருக்கும். அவளுக்கு வியாழனின் துணைக்கோள் ஒன்றில் பனி மாளிகை இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். இல்லை, துணைக்கோளே அவளுடையதுதான் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

உண்மை வேறு. ஒரு பக்கம் வரைந்து அனுப்பினால் பக்கக் கூலி வரும். ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகு பாண்டியன் பதிப்பகத்தின் பிள்ளை. அவனைப் பொம்மையாக விற்றாலும், பற்பசைக் குழாயில் சிரிக்க வைத்தாலும், பூமியில் அவனை வைத்துப் பூங்காவே கட்டினாலும், பெற்றவளுக்கு வருவது புத்தாண்டு வாழ்த்து மட்டும்தான். பக்கக் கூலி ஒன்பதாம் அடுக்கு விலையில் மைக்கும் தாளுக்கும் சரியாகப் போய்விடும். மரகதம் பாசிக் களியைத் தின்று வாழ்ந்தாள்.

களி பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. அவளுடைய கணவர் வேலாயுதம் மீத்தேன் ஏரியில் துளையிடும் வேலைக்காக அவளை இங்கே அழைத்து வந்தார். குழாய் வெடித்து அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அறைக்குள் இன்னொரு ஆள் வந்து பேசியதில்லை. பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். பெரிய ஆளைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். உணவுக்கூடத்தில் அவள் உட்கார்ந்தால் எதிர் இருக்கைக்காரர் மரியாதையாக எழுந்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் தினமும் ஒருமுறையாவது அவளை நினைத்தார்கள். அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவரும் இல்லை.

கேட்பவள் ஒருத்திதான் இருந்தாள், அவளும் சாத்தூரில் இருந்தாள். தங்கை பவளம். பூமியிலிருந்து குரல் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். "சாப்டியாக்கா?" என்று அவள் கேட்பதற்கு இவள் பதில் சொல்லி, அது அங்கே போய்ச் சேரும்போது அடுத்த வேளைச் சாப்பாடே வந்துவிடும். ஆனாலும் இருவரும் விடாமல் பேசினார்கள். கடைசிக் காலத்தில் பவளத்தோடு இருந்துவிட வேண்டும் என்பதுதான் மரகதத்துக்கு இருந்த ஒரே ஆசை.

ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை பூமிக்குக் கப்பல் புறப்படும். அறுபதைத் தாண்டியவர்களை ஏற்ற மாட்டார்கள், உடம்பு தாங்காது. மரகதத்துக்கு ஐம்பத்தெட்டு. இந்தக் கப்பலை விட்டால் வேறு கப்பல் இல்லை. ஒன்றாம், இரண்டாம் அடுக்குக்காரர்களுக்கு இருக்கை இலவசம். ஒன்பதாம் அடுக்குக்குச் சொன்ன கட்டணத்தை, அவள் இன்னும் ஏழு பிறவி எடுத்து இடைவிடாமல் வரைந்தாலும் கட்ட முடியாது.

யோசித்துப் பார்த்தபோது வழி எளிதாகத் தெரிந்தது. ஊர் நினைப்பதுதான் கணக்கு என்றால், ஊரின் நினைப்பை மாற்றிவிட வேண்டியதுதான். கூச்சத்தை விழுங்கிவிட்டு, ரசிகர் மன்றத் தலைவன் குமரகுருவைக் கூப்பிட்டு, தன் அறையை எல்லோருக்கும் நேரலையில் காட்ட வேண்டும் என்றாள். மீத்தேன் நிலையத்தில் எண்ணெய் போடும் குமரகுருவுக்குக் கை கால் ஓடவில்லை.

கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாள் டைட்டனே அந்த நேரலையைப் பார்த்தது. ஒற்றைக் கட்டில். ஒட்டுப்போட்ட கையுறை. களிச் சட்டி. மரகதம் எதையும் மிகைப்படுத்தவில்லை.

"இவ்ளோதாங்க என் வீடு," என்றாள். "மாளிகையெல்லாம் கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை கூலி குடுப்பாங்க. அப்புறம் பாண்டியன் என்னோடவன் இல்ல. டீ குடிக்கக்கூட என்கிட்ட காசில்ல. வெட்கமாத்தான் இருக்கு சொல்றதுக்கு. என் தங்கச்சிகிட்ட போகணும். நான் ஏழைன்னு நீங்க நம்பினா போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்."

 படம்பிடித்துக்கொண்டிருந்த குமரகுருவின் விசும்பல் கேட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மரகதத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு அன்று படுத்ததும் தூங்கிப்போனாள். தூங்குவதற்கு முன் பவளத்துக்கு, "நாளைக்கு ஏறிருவேன்டி" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

காலையில் சுவர் அவளுடைய புதிய அடுக்கை அறிவித்தது. ஒன்பதுக்கு மேல் அடுக்கு இல்லாததால், மதிப்பி அவளுக்கென்றே பத்தாம் அடுக்கு ஒன்றை உருவாக்கியிருந்தது.

துறைமுகத்துக்கு ஓடினாள். பயணச்சீட்டு ரோபோ எழுந்து நின்று கைகூப்பியது. கட்டணத்தைச் சொல்லவே அது சங்கடப்பட்டது.

"உங்கள் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக் கப்பலில்தான் செல்வது வழக்கம், அம்மா."

"நான் ஏழைன்னு நேத்துதானே சொன்னேன்? எல்லாரும் அழுதாங்களே!"

"அழுதார்கள். அதன் விவரம் என்னிடம் இருக்கிறது. 'இவ்வளவு இருந்தும் எவ்வளவு எளிமை' என்றுதான் தொண்ணூறு சதவீதம் பேர் நினைத்தார்கள். உண்மையிலேயே இல்லாதவர்கள் இல்லை என்று வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது மீதிப் பேரின் கருத்து."

மரகதம் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.  பெஞ்சின் மறுமுனையில் கசங்கிய பருத்திச் சட்டை போட்ட, அறுபதை எட்டப்போகும் ஒரு பெரியவர் இலவச இருக்கைச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மெல்லச் சிரித்தார்.

"மரகதம் அம்மாதானே? நேர்ல இப்பதான் பாக்கறேன். நான் வள்ளிநாயகம்."

அந்தப் பெயரை அவள் பார்த்திருக்கிறாள், ஒப்பந்தத்தின் அடியில் மட்டும். பதிப்பகத்தின் முதலாளி. பாண்டியனின் இன்றைய தகப்பன்.

"நீங்களா? இலவச சீட்லயா?" என்றாள்.

"ஒண்ணாம் அடுக்கும்மா எனக்கு," என்றார் அவர், ரேஷன் கடையில் எடை சரியாகப் போட்டுக் கொடுத்ததைச் சொல்வதுபோல. "புத்தகத்துல எங்கயும் என் பேரைப் போட்டுக்கிறதில்ல. படிக்கிறவங்க வரைஞ்சது யாருன்னுதான் பாப்பாங்க. வித்தது யாருன்னு எவன் நினைக்கிறான்? பூமியில பூங்கா திறக்கப் போறாங்க, அதுக்குத்தான் போறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. உங்க பேரு எல்லாருக்கும் தெரியும். எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?"

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். மரகதத்துக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, கையில் பொன்னாடையோடு குமரகுரு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். பொன்னாடையை அவள் தோளில் போர்த்திவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"குமரா, எனக்குச் சீட்டுத் தரமாட்டேங்கறாங்கப்பா. இவருதான் பாண்டியனை வச்சு சம்பாதிக்கிற முதலாளி. வேணும்னா இவரையே கேளு."

குமரகுரு பெரியவரின் சட்டையைப் பார்த்தான், இலவசச் சீட்டைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க நையாண்டியே தனிதான்க்கா!" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "தப்பா நினைக்காதீங்க, பாவம் வயசானவரு. அவரை வச்சு விளையாடலாமா? உங்களுக்கு இருக்கறதுக்கு அவருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் குடுத்தா கொறஞ்சா போயிரும்?"

தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பெரியவரின் கையில் திணித்தான். முதலாளி மறுக்கவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறினார்.

கப்பல் ஆரஞ்சு மூட்டத்துக்குள் மறையும்வரை மரகதம் பொன்னாடையோடு நின்றாள். அறைக்கு வந்ததும் பவளத்திடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். காசில்லை, ஏற்றவில்லை, இனி வரவே முடியாது.  பிறகு காத்திருந்தாள். மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"நீ பேசறது நல்லா இருக்காக்கா? இங்க எம்பேரன் தூக்கிட்டுப் போற பையில ஒன் பாண்டியன், அவன் குடிக்கிற தண்ணி பாட்டில்ல ஒன் பாண்டியன். ஒனக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லைன்னா தெருவுல போறவன்கூட நம்ப மாட்டான். வர இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லிரு. நான் தாங்கிக்கிடுவேன். பொய் சொல்லாத."

மரகதம் அதை மறுபடி கேட்டாள். தங்கை அழுதிருக்கிறாள், தெரிந்தது. இன்னொரு முறை உண்மையைச் சொல்லலாம். அதற்கு இன்னும் மூன்று மணி நேரம், இன்னொரு சண்டை. இருக்கும் ஒரே குரலும் நின்றுபோய்விடுமோ என்று பயந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த குரலில் பேசினாள்.

"சரி, ஒத்துக்கறேன். இங்க பெரிய வீடா கட்டிட்டேன்டி. தோட்டமெல்லாம் போட்டிருக்கேன். விட்டுட்டு வர மனசு வரல. அதை ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

அடுத்த பதிலில் பவளத்தின் குரலில் கோபமே இல்லை.

"அதான பாத்தேன்! இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? நல்லா இரு அக்கா, நீ நல்லா இருந்தாப் போதும் எனக்கு. அந்த வீடு எப்படி இருக்குன்னு ஒரு படம் அனுப்பு. பேரன்கிட்ட காட்டணும்."

மரகதம் ஒரு புதுத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பேனாவை மையில் தொட்டு, முதலில் ஜன்னலை வரையத் தொடங்கினாள்.