ஒரு வாஷர் அதிகம்!

போன் அலறியது.

ஸ்பேனர் அக்கா எடுக்கவில்லை. ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கையிலும் கிரீஸ்.

மறுபடியும் அலறியது... மறுபடியும்...

மூன்றாவது முறை முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"யாருங்க?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். முந்தாநாள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு சர்வீஸ் பண்ணியா?"

"பண்ணேன். பெரியவர் கார். ஏன் சார், மறுபடியும் ஏதாவது குறை கண்டுபிடிச்சிட்டாரா?"

"இனிமே கண்டுபிடிக்க மாட்டார். அந்தக் காருக்கு அடியிலயே செத்துக் கிடக்கறார்!"

அக்கா துள்ளி எழப் போய் நெற்றியை வேனில் இடித்துக்கொண்டாள்.

"எண்ணெய் ஒழுகுதேன்னு அடியில படுத்துப் பாத்திருக்கார். ஜாக்கி சரிஞ்சு கார் தலையில இறங்கிடுச்சு. எண்ணெய் ஏன் ஒழுகுச்சு? நீ சர்வீஸ் பண்ண லட்சணம்! பத்து நிமிஷத்துல இங்க இருக்கணும். இல்லேன்னா நானே ஜீப்போட வந்து அள்ளிட்டுப் போவேன்!"

இருபத்திரண்டு வருடங்களாக அக்கா தொட்ட வண்டி ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. உலகத்து மனிதர்களை அவள் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். போல்ட்டை முடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை. மற்ற மண்டூகங்கள் எல்லாம் இன்னொரு வகை. போனில் கத்தியது எந்த வகை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த பங்களாவில் காருக்கென்று கட்டிய ஷெட்டே ஒரு குடும்பம் குடியிருக்கும் அளவுக்கு இருந்தது. தரையில் முகம் பார்க்கும் பளிங்கு. ஓரமாக ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் துணி மூடிய பெரியவர். நடுவில் ஜாக்கியில் ஒருக்களித்து நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதற்கடியில் கறுப்பாக ஒரு குட்டை எண்ணெய்.

இன்ஸ்பெக்டர் காரின் முன்பக்க மூடியைத் திறந்துவைத்து உள்ளே தலையை விட்டிருந்தார்.

"என்னம்மா இது... இன்ஜினையே காணோம்! எவனாவது கழட்டிட்டுப் போயிட்டானா?"

"அது டிக்கி சார். இந்தக் காருக்கு இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் அவசரமாக இருமினார்.

"எனக்குத் தெரியும். நீ சொல்றியான்னு பாத்தேன்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவரோரம் நாற்காலியில் பெரியவரின் மனைவி. அழுது வீங்கிய முகம். அவளுக்குப் பக்கத்தில், பெரியவரின் தம்பி சின்னவர். தேய்த்த சட்டை, தூக்கலான சென்ட். அண்ணன் பிணமாகக் கிடக்கும்போது கைக்கடிகாரத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தார்.

"இவதானா அது?" சின்னவர் அக்காவை மேலும் கீழும் அளந்தார். "பொம்பளை கையில காரைக் குடுக்காதேன்னு அண்ணன்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! சார், ஏன் வளத்தறீங்க? கைது பண்ணிக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு மத்த வேலை இருக்கு."

"முதல்ல பாக்கட்டும்." இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இந்தா பாரும்மா. பார்ட்ஸ் தானா உடைஞ்சு ஒழுகியிருந்தா, அது விபத்து. நீ வீட்டுக்குப் போகலாம். நீ சரியா மாட்டாம விட்டு ஒழுகியிருந்தா... ஒர்க்‌ஷாப்புக்குப் பூட்டு. உனக்குக் கம்பி! எதுன்னு பாத்துச் சொல்லு. பொய் சொன்னே, நிபுணர் ஒருத்தரை வெளியூர்லேர்ந்து வரவழைப்பேன்."

"நான் வண்டியை விட்டுட்டுப் போனப்புறம் இது எவ்வளவு தூரம் ஓடுச்சு?"

"ஓடவே இல்ல!" என்றார் சின்னவர். "முந்தாநாள் சாயந்திரம் நீ கொண்டாந்து நிறுத்தின இடத்துலயே நிக்குது."

"கிலோமீட்டரைப் பாத்தா தெரிஞ்சிடுமே?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கும் சில சமயம் மூளை வேலை செய்யும்.

"மீட்டர் செத்து ரெண்டு மாசம் ஆச்சு சார். மாத்தித் தரேன்னேன். 'நான் எங்க போறேன்னு எனக்குத் தெரியும், நீ உன் சோலியைப் பாரு'ன்னார் பெரியவர்."

வெள்ளைத் துணியை ஒரு பார்வை பார்த்தாள். பேசினால் சொல்லால் அடிக்கும் மனிதர். முந்தாநாள்கூட அவள் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு, "சீக்கிரம்... சீக்கிரம்... நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!" என்று கரித்துக்கொட்டினார். செருப்பு வாரை மாட்டவே டிரைவரைக் கூப்பிடுகிறவர், எண்ணெய் ஒழுகுகிறதென்று தரையில் படுத்தாரா?

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை.

சொந்தமாகக் கொண்டுவந்த இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்தாள். ஒற்றை ஜாக்கியை நம்பிப் படுக்கிறவள் அல்ல அவள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் நுழைந்தாள்.

"என்ன போல்ட்டும்மா?" மேலேயிருந்து இன்ஸ்பெக்டர் குரல்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க சார். பாக்கறேன்."

எண்ணெய் சொட்டும் இடத்தைப் பார்ப்பவன் வாடிக்கையாளர். நனைந்த இடங்களிலேயே மிக உயரமான இடத்தைத் தேடுபவன்தான் மெக்கானிக். எண்ணெய் மேலே கசிந்து, வழிந்து, எங்கெங்கோ சுற்றி, சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து சொட்டும்.

அடித்தட்டைக் கழற்றினாள். எண்ணெயைத் திறந்துவிடும் போல்ட்டைத் தொட்டாள். இறுக்கமாக இருந்தது. வழிந்த எண்ணெயை வேஸ்ட் துணியால் துடைத்துத் துடைத்து மேலே போனாள். அதற்கு மேலே காய்ந்திருந்தது. பக்கவாட்டில் ஈரம். அதற்கும் மேலே...

ஆயில் ஃபில்டர்.

அவள் கையால் முந்தாநாள் மாட்டிய புத்தம்புது ஃபில்டர்!

ஃபில்டரைப் பிடித்துத் திருகினாள். எண்ணெய் முழங்கை வழியாக ஓடியது. டார்ச்சை நெருக்கிப் பார்த்தாள்.

ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வாஷர். அது இருக்க வேண்டியதுதான்.

இன்ஜினில் ஒட்டிக்கொண்டு... இன்னொரு ரப்பர் வாஷர்!

பழைய ஃபில்டரோடு கழன்று வந்திருக்க வேண்டிய வாஷர். சூட்டில் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் கவனிக்கவில்லை. அதன் மேலேயே புதியதை மாட்டித் தொலைத்திருக்கிறாள். வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. இதைச் செய்தவனை ஒருமுறை ஊரே கேட்கும்படி திட்டி ஒர்க்‌ஷாப்பை விட்டே துரத்தியிருக்கிறாள்.

'மண்டூகம்!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாஷர் ஒரு பக்கம் பிதுங்கி நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது. சின்ன ரப்பர். மடக்கினால் சட்டைப் பைக்குள் போய்விடும். மேலே நிற்கிற யாருக்கும் தெரியாது. எந்த நிபுணன் வந்தாலும் தெரியாது. 'பார்ட்ஸ் தானா போச்சு சார்' என்றால் போதும். விபத்து. வீட்டுக்குப் போகலாம்.

வாஷரை உரித்தாள். பைக்குள் நுழைத்தாள்.

மேலே சின்னவரின் குரல்.

"அண்ணி, சும்மா அழுதுட்டு இருக்காதீங்க. போனவர் போயிட்டார். மதியத்துக்குள்ள காரியத்தை முடிச்சிடலாம். சாயந்திரம் எனக்கு மீட்டிங் இருக்கு."

அக்கா அப்படியே அசையாமல் கிடந்தாள்.

என்னவோ உறுத்தியது. டார்ச்சை மெதுவாகப் பின்னால் திருப்பினாள். சைலன்சர்... அதற்கும் பின்னால் பம்பரின் உட்புறம்...

கண்கள் அகலமாயின.

ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, பைக்குள் போன வாஷரை வெளியே எடுத்தாள்.

"சார், எழுதிக்குங்க." காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் எண்ணெய். "தப்பு என்னுதுதான். பழைய வாஷரை எடுக்காம புது ஃபில்டரை மாட்டியிருக்கேன். அதான் ஒழுகுச்சு."

சின்னவர் கைதட்டினார்!

"பாத்தீங்களா சார்? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! நான்தான் சொன்னேனே... ஸ்பேனரைப் பிடிச்சவளெல்லாம் மெக்கானிக்கா?"

இன்ஸ்பெக்டருக்கே ஆச்சரியம். "இவ்வளவு சுலபமா ஒத்துக்கற ஆளை நான் பாத்ததே இல்லம்மா."

"இன்னொண்ணும் எழுதுங்க சார். நான் வண்டியை விட்டதுலேர்ந்து அது எங்கேயும் போகலேன்னு இவர் சொன்னார் இல்ல... அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க."

"போடறேனே! இதுல என்ன?" சின்னவர் பேனாவைப் பிடுங்கி வேகமாகக் கிறுக்கினார். "ஒரு இஞ்ச்கூட நகரலை. போதுமா?"

"போதும்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "சார், கொஞ்சம் கீழ படுங்க."

"எதுக்கு?"

"பயப்படாதீங்க. ஸ்டாண்டு போட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தொப்பையை அழுத்திக்கொண்டு, முனகியபடி உள்ளே சரிந்தார். அக்கா டார்ச்சைக் காட்டினாள்.

"ரெண்டு வாஷர் இருந்தாலும், வண்டி சும்மா நின்னா ஒழுகாது. மெதுவா ஓட்டினாலும் ஒழுகாது. முந்தாநாள் பத்து நிமிஷம் ஸ்டார்ட்டிங்ல விட்டு, உருட்டிட்டு வந்துதான் இங்க விட்டேன். ஒரு சொட்டு இல்ல. ஆக்சிலரேட்டரைப் போட்டு மிதிச்சாத்தான் எண்ணெய் அழுத்தம் ஏறி வாஷரைப் பிதுக்கும். ஒரு தடவை பிதுங்கிடுச்சுன்னா அப்புறம் நின்ன இடத்துலயும் சொட்டும்."

"அப்படீன்னா..."

"பின்னாடி பாருங்க. சொட்டுற எண்ணெய் நேரா கீழதானே விழணும்? பம்பர் வரைக்கும் கோடு கோடா தெறிச்சிருக்கு. ஓடற வண்டியில காத்து அடிச்சாத்தான் அப்படி இழுக்கும். சைலன்சர் மேல பட்டதெல்லாம் வெந்து கருகியிருக்கு. அந்த எண்ணெய் மேல ஒட்டியிருக்கறது என்ன?"

இன்ஸ்பெக்டர் விரலால் தொட்டார். வெள்ளை வெளேரென்று தூள்.

"கல்லுத் தூள்!"

"இந்தப் பளிங்குத் தரையில கல்லுத் தூள் ஏது சார்?"

சின்னவரின் முகத்தில் ரத்தமில்லை. "இவ... இவ தப்பை மறைக்க ஏதேதோ உளர்றா!"

"மறைச்சேனா? நான்தான் முதல்லயே ஒத்துக்கிட்டேனே!"

பெரியவரின் மனைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"சார்... கல்லுத் தூள்னா... எங்க கல்குவாரி ரோடுதான். விடியக்காலையில ரெண்டு பேரும் அங்க போறதா நேத்து பேசிக்கிட்டாங்க. நான் மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். காலையில கேட்டப்ப, போகவே இல்லேன்னு இவர்தான் சொன்னார்!"

"அண்ணி!"

இன்ஸ்பெக்டர் காருக்கு அடியிலிருந்தே போனை எடுத்தார். குவாரி ரோட்டுக்கு ஆள் பறந்தது. இருபது நிமிடம் ஓடியது. சின்னவர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

போன் வந்தது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ரோடு முழுக்க எண்ணெய்ச் சொட்டு. பின்னாலயே போனா குவாரி வாசல்ல போய் நிக்குது. அங்க ரத்தம் சார்! பக்கத்துல ஒரு மூக்குக்கண்ணாடி, ஒத்தைக் கண்ணு உடைஞ்சிருக்கு."

"அவர் கண்ணாடி!" பெரியவரின் மனைவி அலறினாள். "அது இல்லேன்னா எதிர்ல நிக்கறவங்க முகமே அவருக்குத் தெரியாதே!"

"கண்ணாடி இல்லாமத்தான் எண்ணெய் ஒழுகறதைப் பாக்கப் படுத்தாராக்கும்?" என்றாள் அக்கா.

சின்னவர் வாசலை நோக்கி ஓடினார்... பளிங்குத் தரையில் பரவியிருந்த எண்ணெயில் கால் வைத்தார்... தொபேல்!

கான்ஸ்டபிள் நிதானமாகப் போய் விலங்கை மாட்டினார்.

"நாய்னு கூப்பிட்டான் சார்!" தரையில் கிடந்தபடியே சின்னவர் கத்தினார். "இருபது வருஷமா... ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் நாய்னுதான் கூப்பிடுவான்! இன்னைக்கு குவாரியில கூலியாளுங்களுக்கும் அப்படியே கூப்பிடச் சொல்லித் தரப்போறேன்னான். ஜாக்கிக் கம்பியால ஒரே போடு! சீட்ல போட்டு எடுத்துட்டுப் பறந்து வந்தேன். இங்க நிறுத்தினா எண்ணெய் சொட்டுது. கடவுளாப் பாத்து வழிவிட்டான்னு நினைச்சேன்... தலையில காரை இறக்கிட்டு, பழியை இந்தக் கிரீஸ்காரி மேல போட்டேன்..."

சட்டையெல்லாம் எண்ணெயோடு அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அக்கா பெட்டியை மூடினாள். பெரியவரைப் போல ஒரு கேவலமான மனிதரை அவள் பார்த்ததில்லை. அதற்காக மண்டையை உடைக்க வேண்டுமா? வெள்ளைத் துணியைப் பார்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பாவமாக இருந்தது. தன் மேல் மட்டும் ஆத்திரம் தீரவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, பழைய மிடுக்கோடு வந்தார்.

"கேஸ் உன் மேல இல்லம்மா, போ. ஆனா ஒண்ணு... ஒரு வாஷரைப் பாத்து மாட்டத் தெரியலையே! இருபத்திரண்டு வருஷ அனுபவம்னு போர்டுல வேற பீத்திக்கறே!"

"வாஸ்தவம்தான் சார். இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தப்பு பண்ணேன், ஒரு கொலைகாரன் மாட்டினான்." அக்கா பெட்டியைத் தோளில் ஏற்றினாள். "நீங்க தப்பே பண்ணாம இதுவரைக்கும் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கீங்க?"