‘வாங்க’ இல்லாத ‘போங்க’

மோகனதாஸ் சிரித்தார். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கூடத்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு சிரிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். சாயங்காலத் தேநீரோடு கூடத்துக்கு வந்த அவர் மனைவி சுபத்திரா கண்டது வேறு. இயர்போனின் வெள்ளை ஒயர் அவர் மார்பில் இறங்கி, தொந்தியில் வளைந்து, நாற்காலிக் காலருகே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை எதிலும் செருகியிருக்கவில்லை. அவருடைய கைப்பேசி அடுப்படியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சற்று முன் அதைச் செருகிவிட்டு வந்தவளே அவள்தான்.

அவர் மறுபடியும் சிரித்தார்.

“என்னத்தக் கேட்டுச் சிரிக்கிறீங்க?”

அவர் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கினார். கொஞ்சம் இரு, நல்ல இடம் வருகிறது என்கிற விரல்.

சுபத்திராவுக்கு அவர் கைப்பேசியில் கேட்கும் அந்தக் கதைகளைக் கண்டாலே குமட்டும். வரிசையாகக் கொலை செய்கிற ஒருவன். அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டுமாம். கொலைகாரன் பரம சாது. இஸ்திரி போட்ட சட்டை, சந்தனப் பொட்டு, யாரையும் ஒருமையில் பேசாத நாக்கு. அவன் தீர்த்துக் கட்டுவது யாரை? வங்கியில் வரிசை தாண்டி நுழைகிறவனை. கல்யாண வீட்டுச் சாம்பாரில் குறை சொல்லும் மாமியை. கதை முழுக்க எல்லாரையும் “போய்ட்டு வாங்க” என்று வழியனுப்புகிறவன், முறை வந்தவரிடம் மட்டும் “வாங்க”வை விழுங்கிவிட்டு, வெறும் “போங்க” என்பான். உடனே பின்னணியில் ஒரு கூட்டம் குபீரென்று சிரிக்கும். இவரும் சிரிப்பார். எறும்பை மிதித்துவிட்டால்கூட ஐயோ என்கிற, ஒழுங்காக வரி கட்டுகிற, படித்த கூட்டம் இப்படிப் பிணத்தின் மேல் உட்கார்ந்து கெக்கலிக்கிறதே என்று அவள் காறித் துப்பாத குறைதான்.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டும் விட்டாள்.

“சாவுறது யாருன்னு பாரு,” என்றார் அவர். “நாம ஏற்கெனவே மனசுக்குள்ள கொன்னு போட்டவனாத்தான் இருப்பான். கதைக்காரன் நமக்கு வேலைய மிச்சம் பண்றான் லா. அவ்ளோதான்.”

“தூ,” என்றாள் சுபத்திரா.

ஆனால் போன வாரம் அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டுச் செல்லப்பன் விஷயத்தில்.

செல்லப்பன் பெக்கோக் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவன். சுபத்திராவோ தோட்டக் கணக்கெழுதிய கிராணி வீட்டுப் பேத்தி. துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தெப்ராவில் இத்தனை குடியிருப்புகள் இருக்க, இவனுக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே என்பது அவளுடைய தீராத குறை. அவன் லோரியை இவர்கள் கேட்டை மறித்துத்தான் நிறுத்துவான். எடுக்கச் சொன்னால், “அஞ்சு நிமிசம் லா அங்கிள், இப்ப என்ன குடியா முழுகிப் போச்சு?” என்று சிரிப்பான். சிரிப்பா அது? உதைத்தும் ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள் மாதிரி கிக், கிக் என்று தொடங்கி, கடைசியில் ஒரு விசில் மூச்சில் போய் முடியும்.

அன்றும் அப்படித்தான் சிரித்தான். மோகனதாஸ் கழுத்தில் ஒயர் தொங்க, கேட்டில் கை வைத்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்.

“சரி தம்பி. போங்க.”

பின்னால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சுபத்திராவின் வாத்தியார்க் காதில் அந்த விடுபட்ட பாதி சட்டென்று விழுந்தது. அவளுக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். தன்னைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் செல்லப்பன் முழித்ததில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மறுநாள் லோரி நின்ற இடத்திலேயே நின்றது. செல்லப்பனைக் காணோம். மோகனதாஸ் பின்பக்கக் குழாயடியில் குந்தி, தன் செருப்புகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தறியாத மனிதர். செல்லப்பன் மனைவி தனலெட்சுமி வீங்கிய கண்ணோடு கேட்டருகே வந்து நின்றாள்.

“டீச்சர், நேத்திலேருந்து இவரு வீட்டுக்கு வரல டீச்சர். போனும் அடிச்சு அடிச்சு நின்னு போவுது. அங்கிள் பாத்தாங்களா?”

“பாசிர் கூடாங்ல இன்னொரு வீடு வச்சிருப்பான். அங்க போய்த் தேடு,” என்றாள் சுபத்திரா.

வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கதை கேட்கிறார் என்றுதான் அன்று சுபத்திரா நினைத்துக்கொண்டாள்.

இப்போது, தேநீரை முக்காலியில் வைத்துவிட்டு, அவள் அந்த ஒயரின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாசிர் கூடாங் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பியிருக்க வேண்டும். ரப்பர் கருகுவது போன்ற அந்த வழக்கமான வாடை ஜன்னல் வழியாக வந்தது, அதற்கடியில் குழாயடிச் சாக்கடையிலிருந்து வழக்கமில்லாத இன்னொரு வாடையும் வந்தது. பிறகு தகரக் கூரையில் மழை விழத் தொடங்கி மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடியது. சிரிப்பை மட்டும் மூடவில்லை.

அடுப்படிக்குப் போய், சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஷாந்தினியைக் கூப்பிட்டாள்.

“உங்கப்பாவுக்கு மூளை கழண்டுடுச்சு,” என்றாள். கூடத்தில் சிரிப்பு.

“என்னம்மா ஆச்சு?”

“அந்த லோரிக்காரப் பய ஓடிப் போனதிலேருந்து ஒரு மாதிரியா இருக்காரு.” சிரிப்பு.

“பாவம்மா அந்த ஆன்ட்டி. போலீஸ்ல சொன்னாங்களா?”

“அவளுக்குப் போலீஸ்ல பேச வாய் ஏது? ரசம் வைக்கவே தெரியாதவ.” பெரிய சிரிப்பு.

சுபத்திரா வாயை மூடிக்கொண்டாள். கூடம் உடனே அமைதியானது. மழை, குளிர்பெட்டியின் உறுமல், வேறொன்றுமில்லை.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

“இங்க மழை பெய்யுது,” என்றாள் மெதுவாக, சோதித்துப் பார்ப்பதற்காக. சிரிப்பு இல்லை. “அவரு கேக்கறதெல்லாம் குப்பைக் கதை. அதைக் கேக்கறவங்களும் குப்பை.”

கூடத்தில் மோகனதாஸ் மூச்சுத் திணறும்வரை சிரித்தார்.

அவர் கேட்டுக்கொண்டிருப்பது தன்னை. அவளுக்கு அது புரிந்தது. கல்யாண வீட்டுச் சாம்பாரில் குறை சொல்லும் மாமி. அழுதுகொண்டு வந்தவளை வாசலோடு திருப்பி அனுப்பிய டீச்சர். இப்படி ஒரு பொம்பளை கதையில் வந்தால் கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? முதல் காட்சியிலேயே பல்லைக் கடிப்பார்கள். எப்போது இவள் முறை வரும் என்று காத்திருப்பார்கள். அவள் பேசிய ஒவ்வொரு பேச்சும் அவர்களுக்கு ஒரு கவளம்.

பயந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் இளப்பமாக நினைக்க முடியாத அளவுக்குப் பயந்தாள்.

ஆறிப்போன தேநீரை எடுத்துப் போய், மாற்றிப் போட்டுக் கொண்டுவந்தாள். அவருக்குப் பிடித்தபடி நிறையச் சீனி போட்டு.

“இந்தாங்க. சூடா இருக்கு, பாத்துக் குடிங்க.” “பாவம் தனலெட்சுமி. மழை விட்டதும் போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்.”

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கதைகளில் முறை வந்தவர்கள் கடைசி நேரத்தில் நல்லவர்களாக மாறப் பார்ப்பார்கள். கூட்டம் அதிகமாகச் சிரிப்பது அங்கேதான்.

அறைக்குள் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்தாள். கைப்பையில் இரண்டு புடவை. வாடகைக் காருக்குச் சொன்னாள். ஷாந்தினியிடம் போய்விட்டால் போதும். சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும்.

வாசலில் ஹாரன் கேட்டது. கார் வந்துவிட்டது. வெளியே போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும். கதவைத் தாண்ட வேண்டும். கேட்டைத் தாண்ட வேண்டும். சொல்லாமல் போயிருக்கலாம். ஆனால் முப்பது வருஷப் பழக்கம். சொல்லாமல் இந்த வீட்டை விட்டு அவள் இறங்கியதே இல்லை. இன்றைக்கு அவளுக்கு அதைவிடப் பெரிய தேவை ஒன்று இருந்தது. அவர் வாயால் அந்த இரண்டாவது பாதியைக் கேட்டுவிட வேண்டும். அது கிடைத்தால் பிழைத்தாள்.

“என்னங்க. ஷாந்தினி வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்.”

சிரிப்பு நின்றது.

மோகனதாஸ் எழுந்தார். பக்கத்தில் வந்தார். முகத்தில் அவ்வளவு அன்பு. கதவை ஒரு கையால் மெல்லச் சாத்தினார். ஒரு காதிலிருந்த இயர்போனை எடுத்தார். சட்டையில் துடைத்தார். அவள் காதோர முடியை ஒதுக்கி அதைச் செருகினார்.

கீழே ஒயர் ஆடியது. முனை எதிலும் இல்லை.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சு. ஒருவருடையது இல்லை. ஒரு மண்டபம் நிறைய. யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். யாரோ செருமினார்கள். ஒரு பெண் பொங்கி வந்த சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டாள். எல்லாரும் காத்திருந்தார்கள். முன்வரிசையில், மிகப் பக்கத்தில், ஒரு விசில் மூச்சு.

அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

“சொல்லுங்களேன்,” என்றாள். அழுதாள். “போய்ட்டு வான்னு சொல்லுங்களேன்.”

வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. மழை அதை விழுங்கியது.

முப்பது வருஷமாக அவளை நீ, வா, போ என்றே கூப்பிட்டவர், கை கூப்பினார்.

“போங்க,” என்றார்.

காதுக்குள் முதலில் சிரித்தது செல்லப்பன். கிக், கிக் என்று. அவனைத் தொடர்ந்து எல்லாரும்.