எலிக்குப் பத்து மில்லி

பேட்டரி உப்பியிருந்தது. போன வாரம் அவனே கொண்டுவந்து வைத்த புது பேட்டரி. அதற்குள் நாலு பக்கமும் வீங்கி, தொட்டால் காய்ச்சல்காரனின் நெற்றி போல வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரி கெட்டுப்போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாற்றம்தான் சரியில்லை. அமில நெடி அவனுக்குப் பதினோரு வருடப் பழக்கம், மூக்கைக்கூடச் சுருக்க மாட்டான். ஆனால் மாடிப்படிக்குக் கீழே சுவரில் இருந்த அலாரம் பெட்டியைத் திறந்ததும் வந்தது அது இல்லை. பல் விளக்காத யாரோ முகத்துக்கு நேராக வந்து வாயைத் திறந்தது போன்ற ஒரு புளித்த, சூடான வாடை.

“ஒரே மாசத்துல மூணு பேட்டரி,” என்றாள் அக்கா பின்னாலிருந்து. “நீயும் ஒவ்வொரு தடவையும் மாத்திட்டு, இனிமே ஓடும்க்கான்னு சொல்லிட்டுப் போயிடறே.”

“இன்னிக்குக் கண்டுபிடிச்சிட்டுத்தான் போவேன்.”

“மெதுவாப் பேசு. பாப்பா இப்பதான் ஸ்கூல்லேர்ந்து வந்து கண்ணசந்தா. ராத்திரி பூரா இது பீப் பீப்னு கத்தினா புள்ள எங்கேர்ந்து தூங்கும்?”

மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் வெளியே மேகம் இறங்கிவந்து வீட்டை மூடியிருந்தது, கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் அக்காவின் கண்களைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டும் குழிக்குள் போயிருந்தன. மச்சானுக்கு வெளியூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நடுராத்திரியில் பரணிலிருந்து யாரோ உச்சுக் கொட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது என்று அக்கா போனில் சொல்லச் சொல்ல, அவர் பேட்டரியை விட்டுவிட்டு அக்காவைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை வராராம்,” என்றாள். “அதுக்குள்ள சரியாகலைன்னா பாப்பாவைக் கூட்டிட்டுப்போய் அவங்க அம்மாகிட்ட விட்டுடுவாராம். எனக்கு மூளை சரியில்லைன்னு முடிவே பண்ணிட்டாரு.”

“அப்படியெல்லாம் நடக்காதுக்கா.”

“இந்த வீட்டுல ஒரே ஒரு நல்லது நடந்திருக்கு. பாப்பா விரல் சூப்பறதை விட்டுட்டா. நான் எவ்வளவு அதட்டியும் விடாதவ, தானாவே விட்டுட்டா. உதட்டோரம்தான் புண்ணு, பச்சை பச்சையாப் படியுது. சத்துக் குறைச்சலாம்.”

அவன் கருவிப் பையைத் திறந்தான். இந்த வீட்டுக்கு அவள் குடிவந்தபோது, ஒரு ஈ உள்ளே நுழைந்தாலும் எனக்குத் தெரியும் என்று சவடால் விட்டு இந்த அலாரத்தைப் பொருத்தியவன் அவன்தான். இப்போது அவள் பிள்ளையே கையைவிட்டுப் போகிற நிலை, இவனுக்கோ ஒரு பீப் சத்தத்தை நிறுத்த வக்கில்லை.

அலாரம் கம்பெனியில் அவனுக்கு எலி என்று பெயர். கட்டர் பையிலேயே கிடக்கும், கம்பியின் மேல்தோலைப் பல்லால்தான் கடித்து உரிப்பான். முன்பல் ஒன்று அதில் பாதி உடைந்தும் பழக்கம் போகவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பந்தயம் கட்டி, பன்னிரண்டு வோல்ட் கம்பி இரண்டையும் நாக்கில் வைத்து அவன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறான் என்று மீட்டர் போட்டுப் பார்த்தார்கள். சரியாகப் பத்து மில்லி ஆம்பியர். எலிக்குப் பத்து மில்லி என்று அன்று முழுக்கச் சிரிப்பு.

புது பேட்டரியை மாட்டி, பெட்டிக்கு வரும் மெயினை அணைத்து, நடுவே மீட்டரை இணைத்தான். இந்த வீட்டு அலாரம் சும்மா இருக்கும்போது எண்பது மில்லி இழுக்கும், அது அவனுக்கு மனப்பாடம். மீட்டர் நானூற்று எண்பது காட்டியது.

எங்கேயோ கசிகிறது. ஒவ்வொரு இடத்துக்குப் போகும் கம்பியாகக் கழற்றினான். வாசல், மாற்றமில்லை. சமையலறை, மாற்றமில்லை. மாடிக் கம்பியைக் கழற்றியதும் எண் சட்டென்று எண்பதுக்கு விழுந்தது. அதே நொடி, மேலே வெகு தூரத்தில், மெத்தென்று ஒரு சத்தம். ஈரமான எதையோ எடுத்துவிட்டது போல.

மறுபடி மாட்டினான். எண் ஒரேயடியாக ஏறவில்லை. தொண்ணூறு என்றது. கொஞ்சம் பொறுத்து நூறு, பிறகு நூற்றுப்பத்து. அவசரமே இல்லாமல் பத்துப் பத்தாக ஏறிக்கொண்டு போனது. ஈரமாக இருக்கும், கம்பியில் தண்ணீர் ஊறியிருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மாடிக் கம்பி போவது பரணுக்கு. அந்த ஒரு கம்பியைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் பேசமாட்டான்.

பரண் கதவு திறந்தால் பெட்டிக்குத் தெரியும், அது சரி. ஆனால் வழியிலேயே யாராவது கதவுக் கம்பிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் பெட்டி மூடியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அந்த ஏமாற்றைப் பிடிப்பதற்கென்றே ஒரு பொடி ரெசிஸ்டர் உண்டு. அதைக் கம்பியின் கடைசியில், கதவுப் பக்கம் வைக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் அந்தப் பரணுக்குள் தலையை விட்டான். புழுக்கை, செத்த எதுவோ ஒன்றின் வாடை, இருட்டுக்குள் பிசுபிசுவென்று மின்னிய சுவர். குமட்டிக்கொண்டு வந்தது. பரண் வாயருகே கைக்கெட்டிய தூரத்தில் மாட்ட வேண்டியதை மாட்டிவிட்டு இறங்கி ஓடிவந்து, ரெசிஸ்டரை இங்கே கீழே, பெட்டிக்குள்ளேயே முடிச்சுப் போட்டுவிட்டான். அங்கே இருந்தால் அது எந்த ஏமாற்றையும் பிடிக்காது, ஆனால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? கூடப் பிறந்தவள் வீட்டில் போய் அந்த வேலையைச் செய்தான், படுபாவி.

“என்னடா, கிடைச்சுதா?”

“மாடிக் கம்பிதான்க்கா. பார்த்துட்டு வரேன்.”

மாடி நடையில், பாப்பாவின் அறைக் கதவுக்கு வெளியே, கூரையை ஒட்டி ஒரு சின்ன இணைப்புப் பெட்டி. பரண் வாய் இருப்பது அறைக்குள்ளே, அவள் கட்டிலுக்கு நேர் மேலே. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே திரைச்சீலை இழுத்துவிட்ட இருட்டு. குழந்தையின் மூச்சு சீராகக் கேட்டது. நாற்காலியைச் சத்தமில்லாமல் வைத்து ஏறினான். வாடை இங்கே கெட்டியாக இருந்தது. வாயால் மூச்சு விட்டால் நாக்கில் படிந்தது.

இணைப்பில் கம்பி முனை பச்சை பூத்துக் கிடந்தது. கழற்றினான். முனையை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டினால் போதும். கூரைத் துளையிலிருந்து கம்பியை லேசாக இழுத்தான். மூன்று வருடம் அசையாத கம்பி, இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு முழம். பச்சை பூத்ததை வெட்டினான். எண்ணம் முழுக்கக் கீழே மீட்டரில் இருந்தது, கையும் வாயும் தம் வழக்கப்படி நடந்துகொண்டன. கம்பியை வாயில் வைத்துக் கடித்தான்.

ஈரம்.

கொழகொழவென்று, வெதுவெதுப்பாக, நூலாக நீளும் ஈரம். புளித்த பாலும் துருவும் சேர்ந்த ருசி. கம்பியின் தோல் முன்பே மென்று மென்று சவ்வாகியிருந்தது, அவன் பல் அதில் அப்படியே புதைந்தது. இன்னொருவர் வாயிலிருந்து எடுத்து இவன் வாயில் வைத்தது போல. துப்பினான். எச்சில் முகவாயில் ஒட்டிக்கொண்டு அறுபடாமல் தொங்கியது, சட்டைக் கையால் வழித்தால் கையோடு வந்தது. அதில் எது தன் எச்சில் என்று தெரியாத அந்த நினைப்பில்தான் குடல் மேலே ஏறியது.

நடைக் கோடியிலிருந்த குளியலறைக்கு ஓடி, மத்தியானம் தின்றது அத்தனையும் வாந்தியெடுத்தான். சோப்பை நாக்கில் தேய்த்தான். அப்படியும் போகவில்லை.

“டேய், என்னாச்சு?” கீழிருந்து அக்கா.

“ஒண்ணுமில்லை. எலி கடிச்சிருக்கு கம்பியை.”

“நீயா, அதுவா?” என்று கேட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு சிரிப்பு தட்டுப்பட்டது.

திரும்பி வந்து டார்ச் அடித்தான். இழுத்துவிட்ட முழக் கம்பியில் விரல் நீளம்தான் துளைக்கு வெளியே மிச்சம். கனத்தில் உள்ளே வழுக்கியிருக்கும். கம்பி முழுக்கப் பல் தடம். மாட்டிய அன்றைக்கு நான் கடித்ததுதான் என்று நினைத்துக்கொண்டான், நினைக்கும்போதே அது பொய் என்று தெரிந்தது. அவன் கடித்தால் உடைந்த பல்லின் இடத்தில் ஓர் இடைவெளி விழும். இந்தத் தடங்களில் இடைவெளி இல்லை. சிலது அகலம், சிலது குறுகல். எல்லாம் வரிசையான, தட்டையான பற்கள். எலிக்கு அப்படிப் பல் கிடையாது.

கை படாமல் குறட்டால் பிடித்து எப்படியோ மாட்டினான். அக்காவிடம் என்ன சொல்வது? ரெசிஸ்டரைச் சொல்லாமல் பரணைச் சொல்ல முடியாது. முதலில் எண் குறைந்திருக்கிறதா பார்ப்போம், பிறகு யோசிக்கலாம் என்று கோழைத்தனமாகக் கீழே இறங்கினான்.

மீட்டர் இருநூற்றுப்பத்தில் இருந்தது. இருநூற்றிருபது. இருநூற்று முப்பது. பத்துப் பத்தாக.

எலிக்குப் பத்து மில்லி.

தண்ணீர் ஊறினால் இப்படி ஏறாது. தண்ணீர் எண்ணிக்கொண்டு இழுக்காது. நானூற்று எண்பதில் எண்பதைக் கழித்தால் நானூறு. ஒரு வாய்க்குப் பத்து என்றால்... அவன் மனம் கணக்கைப் போட்டுவிட்டு, விடையைச் சொல்ல மறுத்தது. மீட்டர் நிற்காமல் ஏறி நானூற்று எண்பதுக்கு வந்து நின்றது. எல்லோரும் வந்தாயிற்று. நாற்பது பேர்.

அவன் அசையாமல் நின்றான். தன் வாயில் இன்னும் அந்த ருசி இருப்பது அப்போது உறைத்தது.

மேலே யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

நானூற்று எழுபது.

இன்னொரு உச்சு. நானூற்று அறுபது.

“கேட்டியா?” என்றாள் அக்கா. “இதுதான்டா. இதைத்தான் சொன்னேன். உனக்கும் கேக்குதுல்ல?”

கேட்டது. ஒவ்வொன்றாக வாயை எடுக்கும் சத்தம். முந்நூறு. இருநூற்றைம்பது. இப்போது வேகமாக. இருநூறு. நூற்றைம்பது. பெட்டியின் முகப்பில் பரணுக்கான விளக்கு நல்ல பிள்ளையாகப் பச்சையில் இருந்தது. கதவு மூடியிருக்கிறதாம். அதன் பக்கத்தில், பாப்பாவின் அறையில் நடமாட்டம் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணையவில்லை.

நூற்றிருபது. நூற்றுப்பத்து. நூறு. தொண்ணூறு.

நின்றுவிட்டது.

எண்பது ஆகட்டும் என்று காத்திருந்தான். ஆகவில்லை. தொண்ணூறு. இன்னும் ஒரு வாய்.

விரல் சூப்பறதை விட்டுட்டா. உதட்டோரம் பச்சையாப் படியுது.

அவன் படியேறினான். பின்னால் அக்கா எதையோ கேட்டுக்கொண்டே ஓடிவந்தாள். அறைக் கதவைத் தள்ளினான். டார்ச் வெளிச்சம் முதலில் தலையணையில் விழுந்தது. அது நனைந்து, விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே பரண் கதவு திறந்து தொங்கியது. அந்தச் சதுர இருட்டிலிருந்து கம்பி ஒன்று இறங்கி வந்தது, தோலெல்லாம் உரிந்த செம்புக் கம்பி, எச்சிலில் பளபளத்துக்கொண்டு. அதன் முனை பாப்பாவின் வாய்க்குள் இருந்தது.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் குழி விழுந்து விழுந்து எழும்பியது.

“பாப்பா,” என்றாள் அக்கா.

அவன் கையை நீட்டி, கம்பியைப் பிடித்து, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தான். கம்பி விறைத்தது. மேலே, பரண் வாயின் விளிம்பு முழுவதும் ஈரமாக ஏதோ நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவற்றில் ஒன்று உச்சுக் கொட்டியது.

பிறகு கம்பியை மேலிருந்து இழுத்தார்கள். குழந்தை பல்லை விடவில்லை. தூக்கம் கலையாமல், சூப்புவதை நிறுத்தாமல், அவள் தலை தலையணையை விட்டு மெல்ல எழும்பியது.